பழைய ஜீப்பும் கடல் காற்றும்: வீட்டிலேயே துரு வைத்தியம்

2024 மார்கழியில் ஒரு காலை, ஜீவாமிர்தக் கேன் நாலு ஏற்றிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் பேரன். "தாத்தா, ரோடு தெரியுது" என்றான். "தெரியாம எப்படிடா ஓட்டுவேன்" என்றேன். அவன் குனிந்து தன் காலுக்குக் கீழே காட்டினான். ரப்பர் பாயின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தார்ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரங்கட்டிப் பாயைத் தூக்கிப் பார்த்தேன். அந்த ஓட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்த சீட்டின் போல்ட். அதைச் சுற்றியிருந்த தகரத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி உடைந்தது. அன்றைக்குப் பேரனை பஸ்ஸில்தான் திருப்பிக் கூட்டிவந்தேன்.

இத்தனைக்கும் அதே வருஷத் தொடக்கத்தில்தான் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் செய்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஒரு பட்டறையில் விட்டேன். பளபளவென்று கொடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சுரண்டிப் பார்த்தால் ஓட்டையில் பழைய பேப்பரைத் திணித்து, மேலே அரை அங்குலத்துக்குப் பட்டி பூசியிருக்கிறார்கள். எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. நான் வங்கியில் இருந்தவன். திரும்பாத கடனை மறைக்க, அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்துப் பழைய கணக்கை முடிப்பது உண்டு. எவர்கிரீனிங் என்று அதற்குப் பெயர். பேப்பரில் பச்சையாக இருக்கும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். தகரத்திலும் அதே வேலை நடந்திருக்கிறது.

வேறொரு பட்டறையில் கேட்டேன். தரை முழுக்க மாற்ற 65 ஆயிரம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பசு வரும். வெல்டிங் ஒன்றைத் தவிர மற்றதை நானே செய்வது என்று இறங்கினேன். மொத்தம் 15 ஆயிரத்துக்குள் முடிந்தது. பழைய ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள் நம் இயக்கத்தில் நிறையப் பேர் என்பதால் எழுதுகிறேன். ட்ரெய்லருக்கும் பவர் டில்லர் மட்கார்டுக்கும்கூட இது பொருந்தும்.

என்னுடையது மஹிந்திரா எம்.எம். 540. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். நான் கிராமக் கிளையில் இருந்த நாளில் பயிர்க்கடன் பார்வையிடப் போனதெல்லாம் பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்பில் ஓசிப் பயணம்தான். அந்த ஆசைதான் ஓய்வுக்குப் பிறகு இதை வாங்க வைத்தது. பெட்டி மாதிரி நேரான பாடி, வளைவு குறைவு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் கைக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது.

துரு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் உப்பு சேர்ந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பு பல மடங்கு வேகமாகும். தகரத்தின் ஒரு புள்ளி பேட்டரியின் ஒரு முனை போலவும், பக்கத்துப் புள்ளி மறுமுனை போலவும் வேலை செய்யும். உண்டாகிற துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயிண்ட் உப்பிக் கிளம்புகிறது. கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும்.

நான் குடியிருப்பது டோல்கேட். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே. ராயபுரம் முதல் எண்ணூர் வரை யார் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டாலும் கையில் துரு ஒட்டும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பியதும் கண்ணுக்குத் தெரியாத உப்பு எல்லாவற்றின் மேலும் படியும். போர்த் தண்ணீரில் வண்டியைக் கழுவினாலும் உப்புதான். மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் கடல்நீர் ஏறிப் போன கதை அங்கே பயிர் வைக்கும் நமக்குப் புதிதில்லை. பயிருக்கு ஆகாத தண்ணீர் தகரத்துக்கும் ஆகாது.

கடலை மட்டும் குறை சொல்லக்கூடாது. என் ஜீப்பின் பின்பக்கத் தளம் முன்பக்கத்தைவிட மோசமாக இருந்ததற்குக் காரணம் நானேதான். கோமியம், சாணக் கரைசல், மீன் அமிலம் என்று சிந்தாத திரவம் இல்லை. கோமியத்தில் உப்பு உண்டு. மண்ணும் சாணமும் மூலையில் காய்ந்து படிந்தால் ஈரத்தைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் வடியத் தரையில் சின்னத் துளைகள் இருக்கும். என் வண்டியில் அவை எல்லாமே சாணத்தால் அடைபட்டிருந்தன. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் தரைக்கு அடியிலுள்ள தாங்குசட்டத்துக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது ஈரத்தைக் குடித்துச் சட்டத்தையே அரித்தது என்பது அந்த வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஈரம் தங்குமிடம் எதுவோ, துரு பிறக்குமிடம் அது.

முதல் வேலை சோதனை. பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் கவ்வும், பட்டி இருக்குமிடத்தில் வழுக்கும். வழுக்குமிடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிறகு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் துரு. பாடியைச் சேஸிஸோடு பூட்டும் இடங்கள், சீட் போல்ட், பின்சக்கர வளைவு தரையோடு சேரும் மூலை, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி, இவைதான் முக்கியம். சேஸிஸே தட்டும்போது உதிர்ந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

பெயிண்டைச் சுரண்டும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காயவைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்கும் போகும், மண்ணுக்கும் போகும். தோட்டத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ரசாயனம் தொடாமல் வருஷக்கணக்கில் காப்பாற்றிய மண்ணில் ஈயத்தைத் தூவுவதில் அர்த்தமில்லை. நான் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து, முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டு எமரி தாளால் தேய்த்தேன். கசடைத் துடைத்து எடுத்துத் தனியாகக் கட்டி வைத்தேன்.

கழற்ற முடிந்த சின்ன பாகங்கள், அதாவது சீட் கிளாம்பு, கீல், பிராக்கெட் போன்றவற்றுக்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது. மாட்டுத் தீவனத்தில் கலக்கும் கரும்புக் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கி, பாகங்களை மூழ்கப் போட்டு ஒன்று முதல் இரண்டு வாரம் விடவேண்டும். பாகிலும் அது புளிப்பதிலும் உண்டாகும் பொருள்கள் துருவைக் கவ்விக் கரைக்கும், நல்ல இரும்பை அதிகம் தொடாது. நாற்றம் பலமாக இருக்கும். என் வீட்டம்மா டிரம்மை மாடிக்கு அனுப்பிவிட்டாள். அலுமினியம், துத்தநாகப் பூச்சு உள்ளவற்றை இதில் போடாதீர்கள், அரித்துவிடும். அவசரமென்றால் புளிக்கரைசலும் வேலை செய்யும். ஆனால் புதுப்புளி வேண்டும். வீட்டில் சேமித்த பழைய புளியில் உப்புப் போட்டு அடைத்திருப்போம். அந்த உப்பு இரும்புக்கு எமன்.

பாடியை டிரம்மில் போட முடியாதே. அங்கே கம்பி பிரஷ், கிரைண்டரில் கப் பிரஷ், குழிகளுக்குக் கூர் உளி. கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடவேண்டாம், கம்பி தெறிக்கும். தேய்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் மூன்று நாலு முறை கழுவவேண்டும். நான் மெட்ரோ வாட்டர்தான் பயன்படுத்தினேன். மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது. பலரும் இந்தக் கழுவலை விட்டுவிடுகிறார்கள். குழிக்குள் உப்பு தங்கிவிட்டால் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து மறுபடி துரு கிளம்பும்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளில் கொஞ்சம் துரு பிடிவாதமாக நிற்கும். அதற்குக் கடுக்காய். கால் கிலோ கடுக்காய்த் தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியபின் பிரஷ்ஷால் இரண்டு கை பூசினேன். கொஞ்ச நேரத்தில் பழுப்பு நிறம் நீலங்கறுப்பாக மாறியது. கடுக்காயிலுள்ள டானின் துருவோடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாகிறது. கடையில் விற்கும் துரு மாற்றித் திரவங்கள் சிலவற்றிலும் டானின்தான் இருக்கிறது. கலம்காரி ஓவியர்கள் கறுப்பு நிறம் எடுப்பதும் இதே வழியில்தான். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, கடுக்காயில் நனைத்த துணிமேல் தீட்டுவார்கள். கடுக்காய் பூசியதோடு வேலை முடிந்ததென்று நினைக்கவேண்டாம். அது பெயிண்டுக்குப் பதில் ஆகாது. உதிரும் துரு மேலே பூசினால் பயனும் இல்லை.

அடுத்து ஒட்டு. துரு தின்ற பகுதியை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுக்கவேண்டும். மனசு கேட்காது, சின்னதாக வெட்டத் தோன்றும். நான் முதலில் உள்ளங்கை அளவு வெட்டினேன். கடைசியில் ஒரு முறம் அளவுக்குப் போனது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டி அளவு எடுத்து, 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில் வரைந்து, சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டினேன். ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று அதை எடுக்கவேண்டாம். வெல்டிங் சூட்டில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும். ஒரு நண்பர் அலுமினிய ஷீட்டை ரிவெட் அடித்தார். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அங்கேயும் ஒரு பேட்டரி உருவாகிவிடும். அவருடைய அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது.

வெல்டிங்குக்கு எங்கள் தெருத் தம்பி ஒருவர் மிக் மெஷினோடு வந்தார். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் இந்த மெல்லிய தகரம் பொத்துக்கொண்டு போகும். நான் வெட்டி வைத்திருந்ததைப் பார்த்து, "இன்னா சார், இவ்ளோ பெரிசா தொறந்துட்ட? பட்டி வெச்சு அட்ச்சிருக்கலாமே" என்றார். "தம்பி, இந்த சீட்ல என் பேரன் உக்காருவான்" என்றேன். அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. சீட் போல்ட் வரும் இடத்தில் தானாகவே அடியில் ஒரு கனமான பட்டையும் சேர்த்து வைத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. ஒரே இழுப்பாக வைத்தால் ஷீட் நெளியும். ஒரு பக்கம் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று மாறி மாறி வைக்கவேண்டும். தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ரப்பர் பாய், சீட், டீசல் பைப் அருகில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் வேண்டும் என்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள். ஒரு பக்கெட் மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெறும் இரும்பு எங்கள் ஊரில் ஒரு ராத்திரி தாங்காது, காலையில் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். அதனால் பங்குனி வெயிலில், காலையில் கடைசித் தேய்ப்பு, பத்து மணிக்குத் தின்னர் துணியால் துடைப்பு, கடல் காற்று வருமுன் பிரைமர் என்று நேரம் வைத்துக்கொண்டேன். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விடுவது நம்மூர்ப் பழக்கம். அது ஈரத்தை உள்ளே விடும். நான் இரண்டு பொருள் கலக்கும் எபாக்ஸி பிரைமரை கையுறை போட்டு பிரஷ்ஷால் இரண்டு முறை அடித்தேன். ஒட்டின் ஓரங்களில் மேலும் கீழும் சீம் சீலர் வைத்து அடைத்தேன். ஒட்டு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் தண்ணீர் நுழைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். பட்டி கடைசியில், மேடுபள்ளம் தெரியாமலிருக்க மெல்லியதாக, அதுவும் வெளிப்பக்கம் மட்டும். நிறத்தை மாற்றாமல் பழைய நிறமே அடித்தேன். மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்கவேண்டும்.

அடிப்பாகத்துக்கு வேஸ்ட் ஆயில் அடிப்பது காலங்காலமாக நடக்கிறது. அது சொட்டுச் சொட்டாக நம் வரப்பில்தான் விழும். அதற்குப் பதில் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி, கொஞ்சம் தேன்மெழுகு கரைத்து, உட்குழிவான சட்டங்களுக்குள் ஊற்றிப் பரப்பினேன். இந்த எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிப் படலமாகும். இதில் ஒரு ஆபத்து உண்டு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவைத்த பிறகே எறியவேண்டும். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். ஜீவாமிர்தக் கேன்களுக்கு அடியில் இப்போது ஒரு பிளாஸ்டிக் தட்டு. தோட்டத்திலிருந்து வந்ததும் இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிடுகிறேன்.

2025 ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வண்டி தெருவிலேயே நின்றது. தையில் பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் கொப்புளம் இல்லை. சீட்டைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. பேரனும் பழையபடி முன்சீட்டுக்கு வந்துவிட்டான். இடது பின்மூலையில் மட்டும் அந்தப் பட்டறைக்காரர் வைத்த பட்டி அப்படியே இருக்கிறது, காந்தம் ஒட்டவில்லை. நெல் அறுப்பு முடிந்ததும் அதைத் திறக்கவேண்டும்.