சாய்வெழுத்து

ஆங்கில நூல் ஒன்றைப் புரட்டும்போது, நிமிர்ந்து நிற்கும் எழுத்துகளின் நடுவே ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் மெலிந்து, காற்றில் வளைந்த நாற்றுப்போல் வலப்புறம் சாய்ந்து நிற்றலைக் கண்டிருப்பீர்கள். அவ்வெழுத்தை இத்தாலிக் எழுத்து என்பர். இத்தாலி நாட்டில் தோன்றியமையின் அப்பெயர் பெற்றது. இன்று பிற எழுத்துக்குத் துணையாய் வரும் இது, பிறந்த காலத்தில் முழு நூலையும் தானே தாங்கி நின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் அறிஞர் அச்சகம் ஒன்றை நடத்தி வந்தார். கிரேக்க, இலத்தீன் நூல்களைத் திருத்தமாகப் பதிப்பித்தலையே தம் பணியாகக் கொண்டவர் அவர். அந்நாளில் பெரும்புலவர் நூல்கள் பல, மேசைமேல் வைத்தே படிக்கத்தக்க பெருஞ்சுமையாக இருந்தன. மூலத்தைச் சுற்றி உரையும் நிறைந்திருக்கும். அவற்றைக் கையில் ஏந்திச் செல்லத்தக்க சிறு நூல்களாக வெளியிட ஆல்டஸ் விரும்பினார். ஒரு தாளை மும்முறை மடித்தால் 8 ஏடுகள், 16 பக்கங்கள் கிடைக்கும். அந்த அளவில், உரையின்றி மூலம் மட்டுமாக, வர்ஜில் என்னும் இலத்தீன் புலவரின் பாடல்கள் 1501-ஆம் ஆண்டு வெளிவந்தன. நூல் முழுதும் சாய்வெழுத்து. முந்திய ஆண்டில் ஒரு படத்தினுள் சில சொற்களாக எட்டிப்பார்த்த எழுத்தே அது.

சாய்ந்த வடிவம் எங்கிருந்து வந்தது? இத்தாலிய அறிஞர்கள் நூல்களை விரைந்து படியெடுத்த கையெழுத்திலிருந்து வந்தது. விரைந்து எழுதுங்கால் எழுத்து ஒருபுறம் சாயும், ஒடுங்கும், ஒன்றோடொன்று கைகோத்துக் கொள்ளும். அந்த ஓட்டத்தை ஈயத்தில் நிறுத்துதல் எளிதன்று. எஃகுக் கோலின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். அதனைச் செம்பில் அடித்துப் பள்ளம் ஆக்கவேண்டும். அப்பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கி வார்க்கவேண்டும். இதற்கென எஃகில் செதுக்கியவர் போலோஞா நகரத்தவரான பிரான்செஸ்கோ கிரிப்போ.

ஆல்டஸ் அந்நூலின் முகப்பில் கிரிப்போவின் கைத்திறனைப் பாராட்டி மூன்றடிப் பாடல் ஒன்றைச் சேர்த்தார். ஆயினும், அவ்வெழுத்தை வழங்கும் தனியுரிமையை வெனிஸ் அரசு ஆல்டஸுக்கே அளித்தது. செதுக்கியவருக்கு என்ன எஞ்சியது? கிரிப்போ மனம் வேறுபட்டு வெனிஸ் நகரை நீங்கி, பானோ என்னும் ஊரில் சொன்சீனோ என்ற அச்சகத்தாரைச் சேர்ந்தார். சொன்சீனோ 1503-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட பெத்ரார்க்கின் நூலில், இவ்வெழுத்தை ஆக்கியவர் கிரிப்போவே என்று எழுதி வைத்தார். உரிமையும் ஆல்டஸுக்கு முழுக்காவலாக அமையவில்லை. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தார் அவர் நூல்களைப் போலவே அச்சிட்டு விற்றனர். அவர் அவற்றின் பிழைகளைத் தொகுத்து அறிக்கை விடுத்தார். அவர்களோ அவ்வறிக்கையைக் கொண்டே தம் பிழைகளைத் திருத்திக்கொண்டனர்!

இனி, எழுத்தின் வடிவை நோக்குவோம். உரோமன் எழுத்தின் கோட்டு முனைகளில் சிறு குறுக்குக் கோடுகள் அமைந்திருக்கும். அவற்றைச் செரிப் என்பர். சாய்வெழுத்தில் அவை தட்டையாய் நில்லாமல், பேனா தொட்டு எடுத்த இடம்போல் மெல்ல வளையும். ஆங்கில முதற் சிற்றெழுத்து, உரோமன் வடிவில் தலைமேல் ஒரு வளைவைக் கவித்திருக்கும். சாய்வெழுத்தில் அது நீங்கி, நாம் கையால் எழுதும் வட்ட வடிவாகும். 'எப்' என்னும் எழுத்து வரிக்குக் கீழும் வால் நீட்டும். ஆதலால் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளினால் சாய்வெழுத்து ஆகிவிடாது. இக்காலத்துக் கணிப்பொறி தமிழெழுத்தை அவ்வாறு தள்ளிக் காட்டுவதுண்டு; அது சாய்ந்த எழுத்தேயன்றிச் சாய்வெழுத்தன்று.

நாளடைவில் நூல் முழுவதையும் சாய்வெழுத்தால் அச்சிடும் வழக்கம் குறைந்தது. நீண்டு படிக்கக் கண்ணுக்கு உரோமன் எழுத்தே இதமாயிற்று. சாய்வெழுத்து வேறுபாடு காட்டும் பணியை ஏற்றது. நூற்பெயர், கப்பற்பெயர், பிறமொழிச் சொல் ஆகியவற்றை ஆங்கிலத்தார் இதனால் அச்சிடுவர். நெல்லைக் குறிக்கும் ஒரைசா சட்டைவா போன்ற உயிரியற் பெயர்களும் இவ்வெழுத்திலேயே வரும்.

1560-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜெனீவா ஆங்கில விவிலியத்தில் இதற்கு அரியதொரு பயன் அமைந்தது. மூலத்தில் இல்லாது, பொருள் நிரம்பும்பொருட்டு மொழிபெயர்த்தோர் சேர்த்த சொற்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டனர். தம் சொல் இது, மூலத்தின் சொல் இது எனப் பிரித்துக் காட்டிய அந்நேர்மை போற்றத்தக்கது. ஆனால், சாய்வெழுத்து அழுத்தத்தையும் குறிப்பதாகலின் ஒரு வேடிக்கை விளைந்தது. முதியவர் ஒருவர் கழுதைக்குச் சேணம் இடுமாறு மைந்தரை ஏவ, அவர்கள் இட்டனர் என்பது விவிலியத்தில் வரும் செய்தி. பின்வந்த ஆங்கிலப் பதிப்புகளில், கழுதையைச் சுட்டும் இறுதிச் சுட்டுப்பெயர் சேர்த்த சொல்லாதலின் சாய்ந்து நின்றது. ஆணையும் குறிக்கும் அச்சொல்லை ஒருவர் அழுத்திப் படித்தால், சேணம் தந்தையின் முதுகில் ஏறிவிடும்!

தமிழில் இவ்விடர்ப்பாடு இல்லை. 'அவன் வந்தான்' என்பதை அழுத்திக் கூற வேண்டின் 'அவனே வந்தான்' என்கிறோம். அவ்வேகாரம் அச்சிலும் நிற்கும்; ஓலையிலும் நிற்கும்; வாயாற் சொல்லும்போதும் நிற்கும்.