மரக்கறிக்குப் பின்னால் நீலத்துணி

கேள்வி: எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு விளம்பர வீடியோ எடுக்க நினைக்கிறோம். பச்சைத் திரையும் அனிமேஷனும் போதுமா?
– வாசகர், வெலிமடை

பதில்: பச்சைத் திரை வேண்டவே வேண்டாம். அந்த நிறத்தை அழித்துவிட்டுத்தான் கணினி வேறு பின்னணியை வைக்கிறது. லீக்ஸ் தாளும் போஞ்சியும் அதோடு சேர்ந்தே மறைந்துவிடும். நீலத்துணி கட்டுங்கள். 1940இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தின் சிறப்புக் காட்சிகளுக்கு லாரி பட்லர் நீலத்தைத்தான் நம்பினார், ஆஸ்கரும் கிடைத்தது. துணியில் சுருக்கம் கூடாது, வெளிச்சம் சீராக விழ வேண்டும், ஆள் ஆறடியாவது தள்ளி நிற்கட்டும். இல்லாவிட்டால் தோளோரம் நீலம் படியும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், அனிமேஷனுக்கு பிளெண்டர். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் படிப்படியாக இறங்கும் உங்கள் பாத்திகளை வரைந்து காட்டாதீர்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது நேரிலேயே எடுங்கள், அந்த அழகு எந்த மென்பொருளிலும் வராது. விதைக்கிழங்கு மண்ணுக்குள் முளைவிடுவது போல, கேமராவுக்கு எட்டாததை மட்டும் அனிமேஷனில் காட்டுங்கள். அதுவும் 20 விநாடிக்கு மேல் வேண்டாம்.