பொறுப்பதா, வலியை வரவழைப்பதா?

பனிக்குடம் உடைந்து நீர் வடிகிறது. பேற்றுவலியோ இன்னும் காணவில்லை. வலி தானே வரட்டும் என்று பொறுப்பதா, மருந்தால் வரவழைப்பதா?

மாணவர்க்கு இப்பொருள் எதற்கு என்பாரும் உளர். ஊரில் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்க, தொலைவில் பயிலும் நம்மை அழைத்து, "நீ விஞ்ஞானம் படிக்கிறவனாயிற்றே, என்ன சொல்கிறாய்?" என்று வீட்டார் கேட்பது உண்டு. சென்ற ஆண்டு என்னையும் கேட்டனர். அக்காளுக்கு அப்போது 35ஆம் வாரம். பாட்டி உடனே குழந்தையை எடுக்கச் சொன்னார். மருத்துவர் பொறுக்கலாம் என்றார். நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன், புள்ளியியல் மாணவன். எனினும், இவ்வினாவிற்கு விடை கண்டதில் என் பாடத்திற்கும் பங்குண்டு.

பனிக்குடம் என்பது குழந்தையையும் பனிநீரையும் சூழ்ந்த சவ்வு. கீழிருந்து கிருமிகள் ஏறாமல் காப்பதும் அதுவே. அது உடைந்தால், நேரம் செல்லச் செல்லத் தாய்க்கும் சேய்க்கும் நோய் தொற்றும் வாய்ப்பு மிகும். இது விரையச் சொல்லும் காரணம். குறைமாதக் குழந்தையின் நுரையீரலோ முழுதும் முதிர்ந்திராது. உள்ளே கழியும் ஒவ்வொரு நாளும் அதற்கு வலிமை. இது பொறுக்கச் சொல்லும் காரணம். தராசின் எத்தட்டு தாழும்?

மருத்துவர் தம் விருப்பப்படி சிலருக்கு மருந்து கொடுத்து, சிலரைக் காக்க வைத்து ஒப்பிட்டால் உண்மை விளங்காது. நோய்க்குறி கண்டவர்க்கே முதலில் மருந்து கொடுத்திருப்பர். பின்னர் மருந்தின் மேல் பழி விழும். ஆகவே திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் தாய்மாரை இரு பிரிவாக்குவர்.

நிறைமாதத் தாய்மார் 5,041 பேரை அவ்வாறு ஆராய்ந்த முடிவு 1996இல் வெளியாயிற்று. காத்திருந்தோர் நான்கு நாள் வரை காத்தனர். குழந்தைகளின் தொற்றிலும் அறுவைப் பேற்றிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஆனால், ஆக்சிடோசின் கொடுத்து உடனே வலி வரவழைக்கப்பட்டவர்களில் கருப்பைத் தொற்று நூற்றுக்கு 4. அம்மருந்திற்குக் காத்திருந்தவர்களில் 8.6. எனவே நிறைமாதத்தில் தட்டு விரைவின் பக்கம் சற்றே தாழ்கிறது.

34 வாரம் முடிந்து 37 நிறையாதவர்களை ஆராய்ந்த முடிவு 2016இல் வந்தது. 11 நாடுகளில் 1,839 தாய்மார். சேர்க்கும்போது தொற்றின் குறி எவர்க்கும் இல்லை. குழந்தைக்குத் தொற்று, விரைந்த பிரிவில் நூற்றுக்கு 2, பொறுத்த பிரிவில் 3. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடியது. மூச்சுத் திணறலோ முறையே 8, 5. அறுவைப் பேறு 26, 19. பொறுத்த தாய்மார்க்கு உதிரப்போக்கும் காய்ச்சலும் சற்று மிகுதி. ஆயினும், தாயும் சேயும் நலமாயிருப்பின், கண்காணிப்புடன் பொறுப்பதே குழந்தைக்கு நன்று என்பது முடிவு.

34 வாரத்திற்கு முன்னரோ, தீங்கின் குறி இல்லாதவரை பொறுப்பதே பொதுவான முறை. தொற்றைத் தடுக்க மருந்தும், நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசியும் கொடுப்பர். இவ்வூசியின் பயனை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹவீ இருவரும் 1972இல் வெளியிட்டனர்.

பொறுப்பது என்றால் வீட்டில் வாளாவிருப்பது அன்று. நீர் வடிந்தவுடன் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவமனை செல்லவேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், பச்சை நிறம், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவர் உடனே பார்க்கவேண்டும். பொறுப்பது என்ற முடிவும் அப்போது மாறலாம்.

என் அக்காள் மருத்துவமனையிலேயே பொறுத்தாள். ஆறாம் நாள் வலி கண்டு பெண் பிறந்தது. இருவரும் நலம். ஆனால், ஒருத்தியின் கதை சான்றாகாது. ஆயிரவர் கணக்கே சான்று. ஆகவே நண்பர்களே, வீட்டார் உங்களை அழைத்தால், விடை சொல்லுமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: எத்தனையாவது வாரம்? தொற்றின் குறி உண்டா? அவ்விரண்டையும் மருத்துவரிடம் கேட்கச் செய்வதே நாம் செய்யக்கூடிய உதவி.