பில்லியர்ட்ஸ் பந்தின் வளைபாதை

பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் தேர்ந்தவர் அடிக்கும் பந்து, இடையில் நிற்கும் பந்தைத் தொடாமல் வளைந்து சென்று, அப்பாலுள்ள பந்தைத் தாக்குவதுண்டு. வெளிவிசையின்றி எப்பொருளும் நேர்ப்பாதையினின்று விலகாது என்பது நியூட்டனின் முதல் விதி. கோலைவிட்டு நீங்கிய பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது மேசைமீது விரித்த கம்பளித் துணியே. ஆகவே, பந்தை வளைப்பது துணியின் உராய்வேயாகும்.

பந்தின் பக்கத்தில் அடித்தாலே அது வளையும் என்று பலர் கருதுவர். இது சரியன்று. கோலை முற்றிலும் கிடையாகப் பிடித்து வலப்புறத்தில் அடித்தால், பந்து பம்பரம்போலச் செங்குத்து அச்சில் சுழலும். அச்சுழற்சியால் பந்தின் அடிப்புள்ளி பக்கவாட்டில் வழுக்குவதில்லை, பாதையும் வளைவதில்லை. கோலின் பின்முனையை உயர்த்தி, வலப்புறத்தில் மேலிருந்து கீழாக அடித்தால், அடிப்புள்ளி இடப்புறம் வழுக்குகிறது. உராய்வு வழுக்கலை எதிர்ப்பதால் பந்து வலப்புறம் வளைகிறது. கோலை ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தி அடிக்கும் முறைக்கு ‘மாஸே’ என்று பெயர்.

பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வியக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்தார். வழுக்கும் திசை மாறுவதில்லையாதலால் உராய்வு விசையின் திசையும் மாறுவதில்லை. எனவே, சாய்வாக எறிந்த கல்லைப்போலப் பந்தும் பரவளைவில் செல்கிறது. வழுக்கல் நின்றதும் அது நேர்க்கோட்டில் உருள்கிறது. அந்நேர்க்கோட்டின் திசையை முன்னரே அறியலாம்: கோலின் அச்சைக் கற்பனையாக நீட்டி, அது துணியைச் சந்திக்கும் புள்ளியைக் குறிக்கவேண்டும். பந்து நின்ற இடத்திலிருந்து அப்புள்ளிக்கு வரையும் கோட்டிற்கு இணையாகவே இறுதித் திசை அமையும். துணி வழுவழுப்பாயின் பந்து நெடுந்தூரம் வழுக்கிய பின்னரே அத்திசையை அடையும். திசை மட்டும் மாறாது.

இதனை விளக்க ஆசிரியருக்குப் பில்லியர்ட்ஸ் மேசை தேவையில்லை. துணி விரித்த மேசையில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை வைத்து, அதன் பின்விளிம்பை விரலால் கீழ்நோக்கி அழுத்துக. பந்து பிதுங்கி முன்னோடிச் சிறிது தூரம் சென்று, பின்சுழற்சியால் திரும்பிவரும். இங்கே உராய்வு இயக்கத்திற்கு நேர் எதிராக உள்ளது. செங்குத்தாக எறிந்த கல் மீள்வதை இது ஒக்கும். உராய்வு இயக்கத்திற்குச் சாய்வாக அமையின், அதே விசை பாதையை வளைக்கும். உராய்வு இயக்கத்தைத் தடுப்பது மட்டுமன்று, அதன் திசையையும் மாற்றவல்லது என்பதை மாணவர் இச்சோதனையின் வாயிலாக எளிதில் உணர்வர்.