சிவப்பணுவின் நங்கூரம்

நம் குருதியில் மிதக்கும் சிவப்பணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் 7 அல்லது 8 கூறே ஆகும். அது தன்னினும் குறுகிய நுண்குழாய்களில் நெளிந்து நுழைகின்றது. வெளிவந்ததும் பழைய வடிவம் பெறுகின்றது. ஏறத்தாழ 120 நாள் இதே உழைப்பு! அதன் மேலுறையோ எண்ணெய்ப் படலம் போன்ற மெல்லிய சவ்வு. அது கிழியாதிருப்பது எங்ஙனம்?

சவ்வின் உட்புறத்தே ஸ்பெக்டிரின் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. வலை மட்டும் போதுமா? அது சவ்வோடு பிணைந்திருக்க வேண்டாவா? சவ்வை ஊடுருவி நிற்கும் 'பேண்டு 3' என்ற புரதம், மாடு கட்டும் முளைக்கம்பு போன்றது. வலையை அதனோடு பிணைக்கும் கயிறே அங்கிரின். கிரேக்க மொழியில் நங்கூரத்தைக் குறிக்கும் சொல்லினின்று 1979இல் இப்பெயர் சூட்டப்பட்டது. பொருத்தமான பெயர்தான்!

பிறவியிலேயே அங்கிரின் குறைந்தவர்க்குச் சவ்வு சிறிது சிறிதாக உதிர்கின்றது. தட்டுப் போன்ற அணு உருண்டையாகி, வளைய இயலாது மண்ணீரலின் இடுக்குகளிற் சிக்கி அழிகின்றது. சோகையும் மஞ்சட்காமாலையும் தோன்றும். பெற்றோர் இதனைத் தொற்றுநோயென அஞ்ச வேண்டா. இது மரபுவழி வருவது. குருதிச் சோதனையால் அறியலாம்.

முளைக்கம்பிலும் மாற்றம் நேர்வதுண்டு. மலேசியாவில் ஒராங் அஸ்லி, மலாய் மக்களுள் சிலருக்குப் 'பேண்டு 3' புரதத்தில் 9 அமினோ அமிலங்கள் இல்லை. அவர்தம் சிவப்பணுக்கள் முட்டை வடிவாய் விறைத்திருக்கும். குறையென்று எண்ணிவிடாதீர்! பாப்புவா நியூகினியில் ஆராய்ந்தபோது, இம்மாற்றமுடைய குழந்தைகளை மூளையைத் தாக்கும் கொடிய மலேரியா அணுகவில்லை எனக் கண்டனர். ஆயினும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றம் வந்து சேர்ந்தால், கரு பெரும்பாலும் பிழைப்பதில்லை.