வெப்ப நாட்டில் பொன்மீன் வளர்ப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

சென்ற சித்திரையில் கொளத்தூரில் வாங்கிய ஒராண்டா பொன்மீன்கள் இரண்டும், நான்காம் நாள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்து மாண்டன. அப்பாவின் கூலிப் பணத்தில் வாங்கியவை. "காலேஜில படிக்கிற பிள்ளைக்கு இதைக் காப்பாத்தத் தெரியலையாப்பா?" என்றார் அம்மா. விடையைப் பாடநூலில் தேடினேன்.

பொன்மீன் சீனத்துக் கெண்டையினம், குளிர்நீரை விரும்புவது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் தேவையோ வெப்பத்தில் கூடுகிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சும் மிகுகிறது. நான் வைத்திருந்ததோ குறுகிய வாயுள்ள கண்ணாடி ஜாடி. அதுவும் வெயில் விழும் சன்னலோரத்தில்!

வைகாசியில் மீண்டும் இரண்டு மீன்கள் வாங்கினேன். வாயகன்ற பழைய சிமெண்டுத் தொட்டியை வேப்ப மர நிழலில் வைத்தேன். காற்றுக் குமிழிகள் எழுப்பும் சிறு மோட்டாரும் பொருத்தினேன். தீனி காலையில் மட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு நீரை மாற்றுவேன். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே ஊற்றலாம். குளிர்விப்பதாக எண்ணிப் பனிக்கட்டியைப் போடலாகாது. திடீர் மாற்றம் மீனைக் கொல்லும்.

கத்திரி வெயிலையும் கடந்து அவை இன்று வாலசைத்து நீந்துகின்றன. மாற்றிய நீர் அம்மாவின் முருங்கைக்குப் போகிறது. அம்மாவுக்கு நான் சொன்ன விடை அதுவே.