இடமறியும் தேர்வு

தேர்வு என்றதும் தேர்ச்சியா, தோல்வியா என்ற அச்சமே நம் நெஞ்சில் எழுகிறது. இவ்விரண்டும் இல்லாத தேர்வொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளில் நடைபெறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவன் ஸ்பானிய மொழியையோ பிரெஞ்சையோ எந்த நிலை வகுப்பிலிருந்து தொடரலாம் என்று அறிவதற்கான தேர்வு அது.

அந்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் அயல்மொழிப் பாடம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பள்ளியில் இரண்டாண்டு ஸ்பானியம் படித்திருப்பர். அடுத்த ஊரில் ஒன்றுமே இராது. ஆகவே சேரும்போதே அளந்து பார்க்க வேண்டியதாகிறது. (1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதன் எதிரொலியாக, 1958-இல் அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அறிவியல், கணிதத்தோடு அயல்மொழிக் கல்விக்கும் பொருள் ஒதுக்கியது என்பது அறிவியல் மாணவர்களாகிய நமக்குச் சுவையான செய்தி.)

இத்தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது? சொற்பட்டியலை நெட்டுருப் போடுவது எளிது; ஆனால் போதாது. தமிழில் 'இரு' என்ற ஒரு வினை செய்யும் வேலைக்கு ஸ்பானியத்தில் 'சேர்', 'எஸ்தார்' என இரு வினைகள் உண்டு. 'எஸ் அபுர்ரிதோ' என்றால் அவர் சலிப்பூட்டுபவர். 'எஸ்தா அபுர்ரிதோ' என்றால் அவர் சலிப்படைந்திருக்கிறார். ஆசிரியரைப் பற்றி எழுதும்போது மாற்றிவிடக் கூடாது!

'ஆப்லோ' என்ற சொல்லின் முதலசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. கடையசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்டுவது இறுதி உயிரெழுத்தின் மேலுள்ள ஒரு சிறு சாய்கோடே. மெக்சிகோவிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளுக்கு இது வீட்டுமொழி. அழுத்தம் அவர்கள் நாவில் பிழைக்காது. கோட்டை எங்கே இடுவது என்றுதான் எவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார். எழுத்துத் தேர்வு ஒன்றையே நம்பினால், அவர்களையும் 'வணக்கம்' சொல்லப் பழக்கும் முதல்நிலை வகுப்புக்கு அனுப்ப நேரும். ஓராண்டு வீண். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் இயற்பியல் கேட்க வந்த என் போன்றோர்க்கு இது எளிதில் விளங்கும். அறிந்த பாடத்திலேயே அறியாதவராய் ஓராண்டு அமர்ந்திருந்தோம். இதனால்தான் அங்கே பல பள்ளிகள் பேச்சையும் சோதிக்கின்றன. வீட்டுமொழியாளருக்குத் தனி வகுப்பும் நடத்துகின்றன.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. கடைசி வாரம் கண்விழித்துப் படித்து, தன் அளவுக்கு மீறிய வகுப்பில் இடம்பெறும் மாணவன், ஆசிரியர் பாடம் முழுவதையும் அம்மொழியிலேயே நடத்தும்போது திகைத்துப் போவான். சில கணினித் தேர்வுகளில் சரியான விடைக்குப் பின் கடினமான வினா வரும். குருட்டு ஊகமும் அவனை மேலே ஏற்றிவிடக் கூடும்.

நீண்ட கோடை விடுமுறையில் நாள்தோறும் இருபது நிமிடம் ஒதுக்குவதே என் கருத்தில் சிறந்த வழி. சேரவிருக்கும் பள்ளியின் முதல்நிலைப் பாடநூலில் எவை உள்ளன என்று கேட்டறிந்து, மறந்தவற்றை மட்டும் புதுப்பிக்க வேண்டும். அன்று நடந்ததைப் பத்து வரி எழுதினால் இறந்தகால வினைகள் தாமே படியும். வாய்விட்டுப் படிப்பதும், பிறர் பேசக் கேட்பதும் வேண்டும். அப்படியும் பொருந்தாத வகுப்பு அமைந்துவிட்டால், முதல் சில வாரங்களுக்குள் ஆசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளப் பல பள்ளிகள் இடம் தருகின்றன. கூச்சப்பட்டுச் சொல்லாதிருப்பவர்களே ஆண்டு முழுதும் அங்கே தங்கிவிடுகிறார்கள்.